கதவைத் திறங்க... 19 வயசு ராஜா வந்திருக்கார்!

எம்.எஸ். படிக்க பெர்லினுக்கோ, டப்ளினுக்கோ, லண்டனுக்கோ கிளம்பிப் போன சீனியர் ஒருத்தராவது உங்க டிபார்ட்மென்ட்ல இருப்பார். லீவுக்கு ஊருக்கு வரும்போது அவரைப் பிடிச்சு, "கோர்ஸ் எப்படிண்ணே?"னு கேளுங்க. ரெண்டு வரியில முடிச்சிடுவார். "போய் இறங்கின முதல் நாள் சாயங்காலம் என்ன பண்ணீங்க?"னு கேளுங்க. அரை மணி நேரத்துக்கு நிறுத்த மாட்டார். ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரியாம பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தது, கடையில ரொட்டி வாங்க சைகை காட்டினது, போன்ல அம்மாகிட்ட "எல்லாம் சூப்பரா இருக்கும்மா"னு பொய் சொன்னது... எல்லாம் வரிசையா வரும்.

அந்நிய நாட்டுத் தலைநகர். அங்கே முதல் சாயங்காலம். இந்த அனுபவத்துக்கு ரொம்பப் பழைய உதாரணம் ரெண்டு நம்ம விழுப்புரம் மாவட்டத்துலயே இருக்கு. "வெளிநாட்டுத் தலைநகரா? இங்கேயா?"னு சிரிக்காதீங்க. திண்டிவனத்துலேர்ந்து திருவண்ணாமலை போற பஸ்ல, ஜன்னல்ல தலையைச் சாய்ச்சுத் தூங்கிக்கிட்டே கடந்து போவீங்களே, அந்த செஞ்சிதான்!

ஒரு காலத்துல லிஸ்பன்லேர்ந்து வந்தவருக்கு அது வெளிநாட்டுத் தலைநகர். இன்னொரு காலத்துல மராட்டிய தேசத்துக்கே அதுதான் தலைநகர். ரெண்டு பேர் அங்கே வந்து இறங்கின கதையைத்தான் இப்போ பார்க்கப் போறோம். ஒருத்தருக்கு ராத்திரி தூக்கம் வரலை. இன்னொருத்தருக்குக் கதவே திறக்கலை.

பனமலையில் ஒரு ஹால்ட்

நேரா செஞ்சிக்குப் போயிடாதீங்க. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல, மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் மேற்கே உள்ளே தள்ளி, பனமலைன்னு ஒரு கிராமம் இருக்கு. பெரிய ஏரி. பக்கத்துல சின்னதா ஒரு குன்று. குன்று மேல தாளகிரீஸ்வரர் கோயில். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டின அதே ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினது. படி ரொம்ப இல்லை. மூச்சு வாங்கறதுக்குள்ள மேலே போயிடலாம்.

பக்கத்துச் சிற்றறை ஒன்றின் சுவரில் ஒரு ஓவியம் மிச்சமிருக்கு. ஒரு காலை மடக்கி ஒயிலா நிற்கிற பார்வதி, தலைக்கு மேல குடை. நிறைய இடத்துல வர்ணம் உதிர்ந்துபோச்சு. இருந்தாலும் அந்த முகத்துல இருக்கிற அமைதி மட்டும் 1,300 வருஷமா அப்படியே நிக்குது. தயவுசெஞ்சு ஃப்ளாஷ் போட்டு செல்ஃபி எடுக்காதீங்க. கையை வெச்சுத் தடவவே தடவாதீங்க.

ஓவியத்தைப் பார்த்துட்டு அப்படியே இறங்கிடாம, கோயில்ல இருக்கிற கல்வெட்டையும் பாருங்க. கிரந்த எழுத்து, சமஸ்கிருத மொழி. படிக்கத் தெரியாட்டி பரவாயில்லை, விஷயம் இதுதான்: பல்லவர்கள் தங்களோட வம்சத்தை மகாபாரதத்து அசுவத்தாமன்கிட்ட இருந்து தொடங்கிச் சொல்லிக்கறாங்க. எவ்வளவு பெரிய ராஜாவா இருந்தாலும், "நான் யாரு தெரியுமா? இன்னார் வம்சம்"னு ஒரு அறிமுகம் தேவைப்பட்டிருக்கு. கல்லுல வெட்டி வெச்சிருக்கார், அழியாது. இந்த அறிமுகம் கைவசம் இல்லாம, யாத்ரீகர் வேஷத்துல அலைஞ்ச ஒரு ராஜாவைத்தான் இன்னும் கொஞ்ச நேரத்துல சந்திக்கப் போறீங்க.

குன்று மேலேர்ந்து வடக்கே பார்த்துட்டு இறங்குங்க. செஞ்சி அந்தப் பக்கம்தான். நெருங்க நெருங்க நிலம் மாறும். வயலுக்கு நடுவுல திடீர் திடீர்னு பாறைக் குவியல்கள். யாரோ லாரி லாரியா கொண்டுவந்து கொட்டிட்டுப் போன மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு உருண்டைப் பாறைகள். அந்தக் குவியல்கள்ல பெரிய மூணு, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூணையும் சுத்தி ஒரு முக்கோணமா மதில். மதிலோட நீளம் மட்டும் ஏறக்குறைய 13 கிலோமீட்டர்!

மிளகுப் பாதிரியார்

16-ஆம் நூற்றாண்டு முடியப் போற நேரம். செஞ்சியை ஆண்டது கிருஷ்ணப்ப நாயக்கர். பேருக்கு விஜயநகரப் பேரரசின் கீழ். நடைமுறையில் தனி ராஜ்யம். அப்போ இங்கே வந்தவர்தான் நிக்கோலாவ் பிமென்டா. போர்ச்சுகல்காரர், ஏசு சபைப் பாதிரியார். இந்தியாவுல இருந்த அந்தச் சபையோட கிளைகளை ஊர் ஊராப் போய் மேற்பார்வை பார்க்கிற வேலை அவருக்கு. 'பிமென்டா'ன்னா போர்ச்சுகீசிய மொழியில் மிளகு! மிளகு தேடிக் கடல் தாண்டி வந்த கூட்டத்துல, பேரிலேயே மிளகை வெச்சுக்கிட்டு ஒரு சாமியார்.

அவர் சபைக்கு எழுதின கடிதங்கள் பிறகு ஐரோப்பாவுல அச்சாச்சு. செஞ்சியைப் பத்தி அவர் எழுதினதைச் சுருக்கமாச் சொன்னா: இந்தியாவுல நாங்க பார்த்த நகரங்கள்லயே இதுதான் பெரிசு, எங்க போர்ச்சுகல்லகூட லிஸ்பனைத் தவிர இவ்வளவு பெரிய ஊர் கிடையாது.

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிங்க. மனுஷன் புது ஊருக்கு வந்தா முதல்ல என்ன பண்றான்? சொந்த ஊரை எடுத்துப் பக்கத்துல வெச்சு அளக்கறான். உங்க சீனியரும் இதைத்தானே பண்ணார்? "நம்ம திருச்சி ஜங்ஷன் மாதிரி நாலு மடங்கு இருக்கும்டா"னு வாட்ஸ்அப் அனுப்பலையா? அதே அளவுகோலைத்தான் பிமென்டாவும் எடுக்கறார். அந்த அளவுகோல்ல நம்ம செஞ்சி, போர்ச்சுகலோட மத்த எல்லா ஊரையும் தாண்டி லிஸ்பனுக்கு அடுத்த இடத்துல வந்து நிக்குது. லிஸ்பன் சாதாரண ஊரா? அந்த நேரத்துல உலகக் கடல் வணிகத்தோட பெரிய வாசல்கள்ல ஒண்ணு.

நகரத்துக்கு நடுவுல இன்னொரு நகரம் மாதிரி கோட்டை, செதுக்கின பெரிய கற்களால உயரமான மதில், சுத்தி தண்ணி நிரம்பின அகழி, நடுவுல கொத்தளமும் கோபுரமுமா மாத்தப்பட்ட பாறைன்னு அவரோட வர்ணனை போகுது. இன்னைக்கு நீங்க போய் நின்னாலும் அந்த வர்ணனையை ஒண்ணொண்ணா டிக் அடிக்கலாம். அகழியில தண்ணிதான் சந்தேகம்.

சரி, முதல் ராத்திரி எப்படிப் போச்சு?

விருந்தாளிகளுக்குத் தங்கறதுக்கு ஒரு கோபுரத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கார் நாயக்கர். ராஜ மரியாதை! ஆனா உள்ளே இருக்க முடியலை. அவ்வளவு வெக்கை. பாதிரியார்கள் மூட்டையைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்து, பக்கத்துல இருந்த ஒரு தோப்புல போய்த் தங்கிட்டாங்க. இதுல இருக்கிற வேடிக்கை என்னன்னா, அந்தத் தோப்பு ஒரு சாமிக்கு நேர்ந்துவிட்ட தோப்பு. ஊர் ஊராப் போய் 'சிலை வணக்கம் கூடாது'ன்னு பிரசங்கம் பண்றவங்க, முதல் நாள் ராத்திரியே நம்ம சாமி தோப்பு நிழல்ல அடைக்கலம்! அதையும் மறைக்காம எழுதி வெச்சிருக்கார், அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்.

வெக்கைக்குக் காரணத்தை நீங்களே பரிசோதிச்சுப் பார்க்கலாம். வெயில் இறங்கினதும் செஞ்சியில ஏதாவது ஒரு பாறையில முதுகைச் சாய்ச்சு உட்காருங்க. சூரியன் போயிடும், சூடு போகாது. பகல் முழுக்கக் குடிச்ச வெயிலை அந்தக் கல்லு ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுக்கும். மூணு பக்கமும் பாறை மலை, நடுவுல கல் கட்டடம். நாயக்கர் வேணும்னே பண்ணலை. எங்க ஊர்ல பெரிய மரியாதைன்னு கொடுத்தது, வந்தவருக்கு அவஸ்தையாப் போச்சு. முதல் நாள் விருந்தோம்பல்ல இது எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான்.

மறுநாள் கோட்டையோட உள்பகுதியைச் சுத்திக் காட்டியிருக்காங்க. எந்நேரமும் காவல் இருக்கிற வாசல்கள், முற்றத்துல ஆயுதப் பயிற்சி எடுக்கிற இளவட்டங்கள், பீரங்கி, வெடிமருந்து, குண்டுகள், தெளிந்த நீர் ஊறுகிற ஒரு சுனை. கூடவே ஒரு பயங்கரமான கதையும் அவர் காதுக்கு வருது. இந்த கிருஷ்ணப்பரை அவரோட சித்தப்பன் முறைக்காரர் ஒருத்தர் இதே கோட்டையில சிறை வெச்சிருந்தாராம். நண்பர்கள் உதவியோட இவர் வெளியே வந்து, சிறை வெச்சவர் கண்ணைப் பறிச்சு, அவரை அதே இடத்துல அடைச்சிட்டாராம். முந்தின நாள் அன்பா வரவேற்ற மனுஷரோட இன்னொரு முகம்!

அதே பயணத்துல நாயக்கரை நேர்ல சந்திச்ச காட்சியையும் எழுதியிருக்கார். பட்டு விரிப்பு, ரெண்டு திண்டு, சாய்ந்து படுத்த கோலத்துல நாயக்கர். கழுத்துல முத்தும் மணியும் கோத்த பெரிய சங்கிலி. உச்சந்தலையில முடிச்சுப் போட்ட கொண்டை, அதுலயும் முத்து. விருந்தாளிகளுக்கு வெத்தலை நீட்டப்படுது. இவங்க வாங்கி வெச்சுக்கிட்டு மெல்லாம உட்கார்ந்திருக்காங்க. நாயக்கருக்கு ஆச்சரியம் தாங்கலை. வெத்தலை போடாத மனுஷங்களா! பேரரசுகள் சந்திச்ச காட்சியில எனக்குப் பிடிச்சது இந்த வெத்தலைதான். பின்னாடி ஜரிகைத் துணி பரிசு கொடுத்து, புதுசா தான் கட்டிக்கிட்டிருந்த ஊருக்கு ஒரு பாதிரியாரை அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கார் நாயக்கர்.

ராஜாவுக்கு உங்க வயசு

அடுத்த விருந்தாளி வந்தது ஏறக்குறைய 90 வருஷம் கழிச்சு. நடுவுல செஞ்சி கைமாறிக் கைமாறிப் போச்சு. நாயக்கர்கள்கிட்டேயிருந்து பீஜப்பூர் சுல்தான் படை பிடிச்சது. 1677-ல் சத்ரபதி சிவாஜி தெற்கே வந்து பீஜப்பூர்காரங்ககிட்டேயிருந்து செஞ்சியைக் கைப்பற்றினார். அடுத்து வேலூர். பழைய மதில்ல பலவீனமா இருந்ததை இடிச்சு, புதுசா கட்டிப் பலப்படுத்தினார். மகாராஷ்டிரத்துலேர்ந்து இவ்வளவு தூரத்துல ஒரு கோட்டைக்கு எதுக்கு இத்தனை செலவு? ஊர்ல பிரச்னைன்னா ஓடி வந்து நிக்க ஒரு இடம் வேணும். எமர்ஜென்சி எக்ஸிட்! 1680-ல் சிவாஜி இறந்துட்டார். அந்த எக்ஸிட்டைப் பயன்படுத்த வேண்டிய நிலைமை அவரோட இளைய மகனுக்கு வந்தது.

ராஜாராம். பிறந்தது 1670 பிப்ரவரி. 1689 மார்ச்ல அவரோட அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் பிடிச்சுக் கொடூரமா கொன்னார். அவசர அவசரமா ராஜாராமை ராஜாவாக்கினாங்க. தலைநகர் ராய்கட்டை முகலாயப் படை சூழ்ந்தது. ஏப்ரல்ல ராய்கட்லேர்ந்து நழுவி, கோட்டை கோட்டையா மாறி, பன்ஹாலாவுக்கு வந்து, செப்டம்பர் கடைசியில அங்கேயிருந்தும் கிளம்பிட்டார். வயசு 19. நீங்க செகண்ட் இயர் செமஸ்டர் எழுதற வயசு.

ஒரு ராஜாவோட பயணம்னா யானை, குடை, தாரை தப்பட்டைன்னு நினைக்காதீங்க. லிங்காயத் யாத்ரீகர்கள் மாதிரி வேஷம். கூட நம்பிக்கையான சிலபேர். மேற்குத் தொடர்ச்சி மலையோரமா இறங்கி, கெளதி ராஜ்யம் வழியா வந்தாங்க. அந்த ராஜ்யத்தை ஆண்ட ராணி சென்னம்மா, ஔரங்கசீப் கோபத்துக்கு ஆளாவோம்னு தெரிஞ்சே இவங்களுக்கு வழிவிட்டாங்க. பின்னால முகலாயப் படை அவங்க மேலேயும் பாய்ஞ்சது. உதவிக்குக் கிடைச்ச பில்!

பெங்களூர் பக்கத்துல நடந்ததா மராத்தி வரலாற்று நூல்கள் சொல்ற ஒரு சம்பவம் இருக்கு. சத்திரத்துல தங்கின இடத்துல, பழக்கதோஷத்துல ஒரு ஆள் ராஜாராமோட காலைக் கழுவி விட்டிருக்கார். யாத்ரீகன் காலை யாத்ரீகன் கழுவுவானா? பார்த்தவங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. விஷயம் முகலாய அதிகாரிக்குப் போகுதுன்னு தெரிஞ்சதும், கூட இருந்த கண்டோ பல்லால் முதலானவங்க, "நீங்க கிளம்புங்க, நாங்க இருந்து சமாளிக்கறோம்"னு ராஜாராமை அனுப்பிட்டு அங்கேயே உட்கார்ந்துட்டாங்க. மாட்டினாங்க, சித்திரவதைப்பட்டாங்க. வாயைத் திறக்கலை. கடைசியில, நிஜமாவே யாத்ரீகர்கள்தான் போலன்னு விட்டுட்டாங்க.

அக்டோபர் கடைசியில ராஜாராம் வேலூர் வந்து சேர்ந்தார். அது மராட்டியர் கையில இருந்த கோட்டை. அப்பாடா! அங்கேயிருந்து செஞ்சி ரெண்டு மூணு நாள் தூரம். கோட்டைக்கு வடக்குப் பக்கமா இருக்கிற வாசலை இன்னைக்கும் வேலூர் வாசல்னுதான் சொல்றாங்க.

உள்ளே அக்கா, வெளியே தம்பி

நவம்பர் மாசம். வடகிழக்குப் பருவமழைக் காலம். சாயங்காலம்னே வெச்சுக்குங்க. பாறையெல்லாம் மழையில நனைஞ்சு கறுத்துப்போய், ராஜகிரி உச்சி மேகத்துல மறைஞ்சு நிக்குது. அப்பா கட்டி வெச்ச கோட்டை. சொந்த அக்கா வீட்டுக்காரர்தான் அங்கே ஆளுநர். இதைவிடப் பாதுகாப்பான இடம் எது?

ஆனா நிலைமை மாறிப் போயிருந்தது. ஆளுநர் ஹர்ஜி மகாதிக், ராஜாராம் வர்றதுக்குச் சில வாரம் முன்னாடிதான் இறந்துபோயிருந்தார். கோட்டை இப்போ அவரோட மனைவி அம்பிகாபாய் கையில. சிவாஜியோட மகள். ராஜாராமுக்கு அப்பா ஒண்ணு, அம்மா வேற. நம்ம பேச்சுல சொன்னா பெரியம்மா பொண்ணு. சின்னப் பிள்ளைகளை வெச்சுக்கிட்டு, அவங்க பேர்ல அம்மாவே நிர்வாகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. அந்த நேரத்துல வாசல்ல தம்பி.

கோட்டையை விட்டுக்கொடுக்க அம்பிகாபாய்க்கு மனசில்லை. எதிர்த்து நிற்கவே பார்த்தாங்க.

சரித்திரப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரே வரியில, 'சிறிது எதிர்ப்புக்குப் பின்'னு தாண்டிப் போயிடும். எனக்கு அப்படித் தாண்ட மனசு வரலை. அவங்க இடத்துல உங்களை வெச்சுப் பாருங்க. புருஷன் போய் சில வாரம்கூட முழுசா ஆகலை. பல வருஷமா அந்தக் குடும்பம்தான் அந்தச் சீமையை நிர்வாகம் பண்ணிக்கிட்டு வந்திருக்கு. செஞ்சியை முகலாயப் படை இன்னும் முற்றுகையிடலை. தம்பி உள்ளே வந்தா அவனோட சேர்ந்து என்ன வரும்? ஔரங்கசீப் படையும் பின்னாலேயே வரும். பிள்ளைகளோட எதிர்காலம்? கதவைத் திறக்கிறதுன்னா அத்தனையையும் சேர்த்து உள்ளே விடறது. அவங்க பயந்தது தப்பில்லைன்னு அடுத்த வருஷமே நிரூபணமாச்சு.

வெளியே நிக்கிற தம்பி பக்கமும் பாருங்க. திரும்பிப் போக ஊர் இல்லை. ஏறக்குறைய அதே நாட்கள்லதான் ராய்கட் முகலாயர் கையில விழுந்தது. அண்ணியும், அண்ணன் மகன் சின்னப் பையன் ஷாஹுவும் கைதிகளாயிட்டாங்க. முன்னால இருக்கிற தலைநகர் கதவு மூடியிருக்கு, பின்னால இருக்கிற தலைநகர் காணாமப் போயிடுச்சு. கையில இருக்கிறது ஒரு பேர் மட்டும்தான். 'சிவாஜி மகன்.'

அந்தப் பேர்தான் வேலை செஞ்சது. கோட்டையில இருந்த வீரர்களும் அதிகாரிகளும் ராஜாராம் பக்கம் சாய ஆரம்பிச்சாங்க. சண்டை போட ஆள் இல்லாம அம்பிகாபாய் என்ன செய்வாங்க? கதவு திறந்தது. முறைப்படி மரியாதையோட தம்பியை வரவேற்க வேண்டியதாச்சு. பனமலையில பல்லவ ராஜா கல்லுல வெட்டி வெச்ச அதே அறிமுகத்தை, இங்கே சிப்பாய்கள் வாயால சொல்லியிருக்காங்க.

கதவு திறந்த பிறகு

அன்னையிலேர்ந்து எட்டு வருஷத்துக்கு மராட்டிய அரசோட தலைநகர் நம்ம செஞ்சி. தர்பார் கூடுச்சு. அமைச்சர்கள் நியமனம். 'பிரதிநிதி'ன்னு புதுசா ஒரு பதவியே உருவாக்கி, பிரகலாத் நிராஜிங்கிறவருக்குக் கொடுத்தாங்க. மகாராஷ்டிரத்துல முகலாயர் கையில இருக்கிற ஊர்களையெல்லாம், "மீட்டா உனக்கு"ன்னு தளபதிகளுக்கு இங்கேயிருந்தே எழுதிக் கொடுத்தார் ராஜாராம். கையில இல்லாத நிலத்துக்குப் பட்டா! ஆனா அந்தக் காகிதத்தை நம்பித்தான் அங்கே சண்டை தொடர்ந்தது.

காசு? அதுதான் பெரிய பிரச்னை. 1690-ல் கடலூர் பக்கத்துல தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு வித்தாங்க. அதுதான் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை. விற்பனை நிபந்தனை செம சுவாரஸ்யம். கோட்டையிலேர்ந்து பீரங்கியால நாலா பக்கமும் சுடணும், குண்டு போய் விழற தூரம் வரைக்கும் உள்ள நிலம் கம்பெனிக்கு. சுட்டாங்க. விழுந்த எல்லைக்குள்ள இருந்த கிராமங்களுக்கு 'குண்டு கிராமங்கள்'னு பேர் வந்தது. கடலூர் ஃப்ரெண்ட்ஸ், குண்டு உப்பளவாடின்னு ஒரு ஊர் உங்களுக்குத் தெரியும்தானே?

அப்போ சென்னையில கம்பெனி கவர்னரா இருந்தவர் எலிஹு யேல். பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? பின்னாளில் அவர் அமெரிக்காவுல ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டை சரக்கும் 417 புத்தகங்களும் நன்கொடையா அனுப்பி வெச்சார். 1718-ல் அந்தக் கல்லூரிக்கு அவர் பேரையே வெச்சாங்க. அதுதான் யேல் பல்கலைக்கழகம்! நீங்க ஜி.ஆர்.இ. எழுதி அப்ளை பண்ற யேலுக்கும், செஞ்சி தர்பாரோட பணக் கஷ்டத்துக்கும் நடுவுல ஒரே ஒரு ஆள்தான் தூரம்.

அம்பிகாபாய் பயந்த மாதிரியே 1690 செப்டம்பர்ல முகலாயப் படை வந்து இறங்கிச்சு. தலைமை ஜுல்ஃபிகர் கான். ராய்கட்டைப் பிடிச்ச அதே தளபதி! 1698 தொடக்கத்துலதான் செஞ்சி விழுந்தது. அத்தனை வருஷம் ஏன் இழுத்ததுன்னு ராஜகிரி ஏறினா உங்க முழங்காலே சொல்லும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால பாறை ரெண்டா பிளந்து நிக்கும். 24 அடி அகலம், 60 அடி ஆழம். ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துட்டா அந்தப் பக்கம் போக வழியே கிடையாது.

கோட்டை விழறதுக்கு முன்னாடியே ராஜாராம் தப்பிச்சு வேலூர் வழியா மகாராஷ்டிரம் போய்ச் சேர்ந்துட்டார். இதுக்கு நடுவுல, செஞ்சிக்கு வந்து சேர்ந்த அவரோட மனைவி தாராபாய்க்கு 1696-ல் இங்கேயே ஒரு மகன் பிறந்தான். தாத்தா பேரையே வெச்சாங்க, சிவாஜி. 1700 மார்ச்ல ராஜாராம் இறந்தப்போ வயசு 30. அந்தச் செஞ்சிக் குழந்தை பேர்ல ஆட்சியைக் கையிலெடுத்து, ஔரங்கசீப்பை எதிர்த்து நின்னவங்கதான் தாராபாய்.

கொசுறு

வந்தவங்க எல்லாரும் செஞ்சிக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க. பீஜப்பூர்காரங்க 'பாதுஷாபாத்'ன்னாங்க. மராட்டியர் 'சந்தி'ன்னாங்க. முகலாயர், பிடிச்ச தளபதியோட பட்டப் பேரை ஒட்டி 'நுஸ்ரத்கட்'ன்னாங்க. ஒண்ணும் நிக்கலை.

எட்டு வருஷம் இங்கே தர்பார் நடத்தின ராஜாராமை நம்ம ஊர்ப் பாட்டுக்காரங்க பெரிசா கண்டுக்கலை. ஆனா 1714-ல் வடக்கே புந்தேல்கண்ட்லேர்ந்து வந்து, ஒரு வருஷம்கூட ஆளாம, அதே அக்டோபர்ல ஆற்காட்டு நவாப்போட சண்டையில செத்துப்போன தேஜ்சிங்கைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டாங்க. அவர்தான் 'ராஜா தேசிங்கு'. தெருக்கூத்து, கதைப்பாட்டு, சினிமான்னு இன்னும் குதிரையில போய்க்கிட்டே இருக்கார். எந்த வெளியூர்க்காரரை ஊர் தத்தெடுத்துக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது போல!

பாண்டிச்சேரி பீச்ல வேலைப்பாடு செஞ்ச கல்தூண்கள் முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருக்கீங்களா? அது செஞ்சிச் சரக்கு. பிரெஞ்சுக்காரங்க கோட்டையைப் பிடிச்சு வெச்சிருந்த காலத்துல கிளம்பிப் போனது.

நீங்க போறப்போ

2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியர் ராணுவக் கோட்டைகள் 12 இடம்பிடிச்சது. 11 மகாராஷ்டிரத்துல. 12-வது செஞ்சி. அதனால கூட்டம் முன்னைவிட அதிகம்.

திண்டிவனத்துலேர்ந்து 28 கிலோமீட்டர்தான். திருவண்ணாமலை, விழுப்புரம் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பஸ் இருக்கு. ராஜகிரி ஏறணும்னா காலையிலேயே போயிடுங்க, மதியத்துக்கு மேல ஏற விட மாட்டாங்க. தண்ணி ரெண்டு பாட்டில் கட்டாயம். குரங்குங்க கண்ணுல படற மாதிரி தீனிப் பொட்டலத்தைக் கையில வெச்சுக்காதீங்க. நாயக்கர் காவலைவிட அதுங்க காவல் பலம். இறங்கினதும் கல்யாண மகால், தானியக் களஞ்சியம், யானைக் குளம் எல்லாம் நிதானமா பாருங்க.

சாயங்காலம் கோட்டையைப் பூட்டிடுவாங்க. வெளியே வந்து திருவண்ணாமலை ரோட்டுல நில்லுங்க. அந்த ரோடு கோட்டை மதிலையே அறுத்துக்கிட்டுப் போகுது. ராஜாராம் காத்து நின்ன கோட்டைக்குள்ள, டிக்கெட் வாங்கின யாரும் ஜன்னலோர சீட்ல உட்கார்ந்தபடியே நுழைஞ்சு வெளியே போயிடலாம். அடுத்த பஸ் வர்ற வரைக்கும் டீ சொல்லிட்டு அங்கேயே ஒரு பாறையில உட்காருங்க. முதுகுல சுடும்.